கமராவுக்கு முன்னால் ஒரு பெண்



கடந்த மாதம் வன்னிக் கிராமமொன்றில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து நான் புறப்பட்டபோது, ஒரு அக்கா என்னுடன் படலை வரைக்கும் நடந்து வந்தார். 2009 இல் பிரிந்த கணவரைப் பற்றி இன்று வரை அவருக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கடையொன்றில் வேலை செய்கிறாள். இளையவள் உயர்தரம் படிக்கிறாள். ஒரு தையல் மெசினை நம்பித்தான் அந்தக் குடும்பம் இத்தனை வருடங்களையும் கடந்து வந்திருக்கிறது.

"பிள்ளை, ஒரு விசயம் கேக்கோணும். நாளையிண்டைக்கு வீடியோ எடுக்கிற பெடியள் வருகினமாம். எங்கட கதையைச் சொன்னா வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் பாத்திட்டுக் கூரை போட்டுத் தருவினம் எண்டு சொல்லுகினம். நான் கதைக்கட்டோ, விடட்டோ?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. கதையுங்கோ என்று சொல்வதும் இலகு, வேண்டாம் என்று சொல்வதும் இலகு. மழைக்கு ஒழுகும் வீட்டில் படுப்பது நான் அல்லவே. "நாளைக்குக் காலமை கோல் எடுக்கிறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு முழுவதும், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் அறிந்துகொண்ட ஒரு பாடகியின் வாழ்க்கைதான் மனதில் ஓடியது. அந்தப் பெண்ணைப் பற்றி இம்முறை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிறையில் தொடங்கிய வாழ்க்கை

மிரியம் மகேபா 1932 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க் நகரில் பிறந்தார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். நாட்டு வைத்தியமும் அறிந்தவர். குடும்ப வருமானம் போதாமல் சோளத்தில் வடித்த நாட்டு மதுவை விற்றதற்காக அந்தத் தாய் கைது செய்யப்பட்டார். தண்டப்பணம் கட்டப் பணம் இல்லை. எனவே ஆறு மாதம் சிறை. அப்போது மிரியம் பிறந்து 18 நாட்களே ஆகியிருந்தன. தாயுடன் குழந்தையும் சிறைக்குள் சென்றது.

தந்தை மிரியத்தின் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் பாடத் தொடங்கிய மிரியம், பின்னர் தாயைப் போலவே வீட்டு வேலைக்குச் சென்றார். இளவயதில் திருமணம். 18 வயதில் பொங்கி என்ற மகளுக்குத் தாயானார். கணவர் அடித்துத் துன்புறுத்தினார். மார்பகப் புற்றுநோயும் வந்தது. கணவர் விட்டுச் சென்றார். குழந்தையைத் தனது தாயிடம் ஒப்படைத்துவிட்டு மிரியம் பாட்டையே தொழிலாக்கிக்கொண்டார். முதலில் ஆண்களின் குழுவான 'மன்ஹாட்டன் பிரதர்ஸ்' உடன் பாடினார். 1956 இல் பெண்கள் மாத்திரம் பாடும் 'ஸ்கைலார்க்ஸ்' குழுவில் பாடத் தொடங்கினார்.

இவை அனைத்தும் நிறவெறி ஆட்சிக் காலத்தில் நடந்தவை. கறுப்பின மக்கள் எங்கே வசிக்க வேண்டும், எந்த வீதியால் நடக்க வேண்டும், எந்த நேரத்துக்குப் பின் நகரத்தில் நிற்கக்கூடாது என்பதையெல்லாம் சட்டம் தீர்மானித்தது. சட்டைப்பையில் பாஸ் புத்தகம் இல்லாவிட்டால் கைது. இந்தப் பாஸ் முறையைப் பெண்களுக்கும் கொண்டுவந்தபோது, 1956 ஓகஸ்ட் 9 ஆம் திகதி சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் உள்ள அரசாங்கத் தலைமையகத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். பாஸ் என்றால் என்ன, சோதனைச் சாவடி என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

6 கோடிப் பேர் பார்த்த இரவு

1950களின் பிற்பகுதியில் லயனல் ரொகோசின் என்ற அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் ஜோகன்னஸ்பேர்க் வந்தார். அதிகாரிகளுக்குத் தனது உண்மையான நோக்கத்தை மறைத்து, கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் படம் பிடித்தார். 'கம் பேக், ஆபிரிக்கா' என்பது அந்தப் படம். மிரியம் அதில் சில நிமிடங்களே வருவார். இரண்டு பாட்டுப் பாடுவார். அந்தச் சில நிமிடங்களே அவரது வாழ்வைத் திருப்பிப் போட்டன. 1959 இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் படம் சென்றபோது மிரியமும் சென்றார். அங்கிருந்து லண்டன். லண்டனில் ஹரி பெலபொன்டே என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகரைச் சந்தித்தார். அவரது உதவியுடன் அமெரிக்கா சென்றார்.

1959 நவம்பர் 30, திங்கட்கிழமை இரவு. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இருந்து ஒளிபரப்பான ஸ்டீவ் அலன் நிகழ்ச்சியில் மிரியம் மகேபா முதற்தடவையாக அமெரிக்க மக்கள் முன் பாடினார். அப்போது அவருக்கு 27 வயது.

ஸ்டீவ் அலன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1954 இல் தேசிய அளவில் ஆரம்பிக்கப்பட்ட 'டுநைட்' என்ற பின்னிரவு நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் அவர். ஒரு மேசை, பக்கத்தில் விருந்தினருக்கு ஒரு கதிரை, ஓரமாக வாத்தியக் குழு, எதிரே சபையோர். இன்று நாம் வீட்டில் பார்க்கும் பேட்டி நிகழ்ச்சிகள் பலவற்றின் அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். நாடு முழுவதும் வேலை முடித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுப் பார்க்கும் நேரம் அது. அத்தகைய நிகழ்ச்சிகளை நடத்திப் பழகிய ஒருவர் முன்பின் தெரியாத பாடகியைத் தனது மேடைக்கு அழைத்தால், அடுத்த நாள் காலையில் அந்தப் பெயர் பலருக்குத் தெரிந்துவிடும். அன்று இரவு மிரியத்தைச் சுமார் 6 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அக்காலத்தில் அமெரிக்கத் திரைகளில் ஆபிரிக்கா என்றால் பெரும்பாலும் டார்சான் படத்துக் காடுதான். அந்தத் திரையில் ஓர் ஆபிரிக்கப் பெண் வந்து நின்றார். கறுப்பினப் பாடகிகள் பலர் தலைமயிரை நேராக்கி, பூச்சுப் பூசி மேடையேறிய காலத்தில், அவர் தனது சுருட்டை மயிரை இயற்கையாகவே விட்டார். தனது மக்களின் மொழிகளிலும் பாடினார். ஷோசா மொழியில் நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் எழுத்துகள் உண்டு. கல்யாண வீடுகளில் பாடப்படும் அந்த மொழிப் பாட்டு ஒன்றைப் பெயர் சொல்லத் தெரியாமல் 'கிளிக் சோங்' என்றே அமெரிக்கர்கள் அழைத்தார்கள். அந்தச் சத்தத்தை எப்படி எழுப்புகிறீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அது சத்தம் அல்ல, எனது மொழி என்று அவர் மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்குக் கைதட்டிய அமெரிக்காவிலும் நிலைமை சீராக இருக்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்கள் வெள்ளையருடன் ஒரே உணவுக் கடையில் இருந்து சாப்பிட முடியாத காலம் அது. அதைத் தடை செய்த குடியியல் உரிமைச் சட்டம் 1964 இல்தான் வந்தது. ஒரு பெண்ணின் பாட்டை இரசிப்பதும் அவளைச் சமமாக மதிப்பதும் ஒன்றல்ல.

தாய் பார்க்காத நிகழ்ச்சி

இங்கே என்னை மிகவும் பாதித்த விடயம் வேறொன்று. அந்த 6 கோடிப் பேரில் மிரியத்தின் தாய் இல்லை. மகளும் இல்லை. பக்கத்து வீட்டாரும் இல்லை. ஏனென்றால் தென்னாபிரிக்காவில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது. உலகில் பல வறிய நாடுகளுக்குத் தொலைக்காட்சி வந்த பின்னரும், தங்கமும் வைரமும் விளையும் அந்த நாட்டுக்கு 1976 ஜனவரியில்தான் அது வந்தது. வசதி இல்லாமல் அல்ல. வெளியுலகக் கருத்துகள் உள்ளே வந்துவிடும், இனங்கள் கலந்துவிடும் என்று ஆட்சியாளர் அஞ்சினார்கள். 1969 இல் மனிதன் சந்திரனில் கால் வைத்ததை உலகம் நேரடியாகப் பார்த்தபோதும் அந்நாட்டு மக்களுக்கு அது கிடைக்கவில்லை.

யாரைப் பற்றிய கதையோ அவர்களுக்கு அது காட்டப்படுவதில்லை. எங்கள் ஊர்களிலும் இது நடக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த அம்மாமாரை எத்தனையோ கமராக்கள் எடுத்தன. அவை எந்த நாட்டில், எந்த மொழியில் காட்டப்பட்டன என்பது அந்த அம்மாமாரில் பலருக்குத் தெரியாது.

மூடப்பட்ட கதவு

தொலைக்காட்சிக்குப் பின் நியூயோர்க்கில் மிரியம் பிரபலமானார். ஆனால் நான்கு மாதங்களுக்குள், 1960 மார்ச் 21 ஆம் திகதி, ஷார்ப்வில் என்ற இடத்தில் பாஸ் சட்டத்துக்கு எதிராகக் கூடிய மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் இருவர் மிரியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அதன் பின் சிறிது காலத்தில் தாயும் இறந்த செய்தி வந்தது.

தாயை அடக்கம் செய்ய ஊருக்குப் போவதற்கு முயன்றபோதுதான், தனது கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்பட்டிருப்பதை அவர் அறிந்தார். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவரால் முடியவில்லை. சிறைக்குள் ஆறு மாதம் தன்னை மடியில் வைத்திருந்த தாய்க்கு ஒரு பிடி மண் போட அவருக்கு அனுமதி இல்லை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் தாயின் செத்தவீட்டு அழுகையைக் கேட்ட பிள்ளைகள் எங்கள் குடும்பங்களில் எத்தனை பேர். இறுதிக்கிரியை செய்ய உடலே கிடைக்காமல் இங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பாடகியின் அன்றைய நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பேசியதன் விலை

அந்த இழப்புக்குப் பின் அவர் பாடுவதுடன் நிற்கவில்லை. 1963 ஜூலையில் ஐக்கிய நாடுகள் சபையின் நிறவெறிக்கு எதிரான விசேட குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தார். தென்னாபிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, அவை கறுப்பினப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிராகவே பயன்படும் என்று கேட்டுக்கொண்டார்.

பதில் உடனே வந்தது. சொந்த நாட்டில் அவரது இசைத்தட்டுகள் தடை செய்யப்பட்டன. குடியுரிமை பறிக்கப்பட்டது. திரும்பி வரும் உரிமையும் பறிபோனது. வேறு நாடுகள் கொடுத்த கடவுச்சீட்டுகளில்தான் அவர் உலகம் சுற்றினார்.

அவர் கேட்டது நடந்ததா? 1963 ஓகஸ்டில் ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஆயுதம் விற்பதை நிறுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதைக் கட்டாயமாக்குவதற்கு 1977 நவம்பர் வரை, 14 வருடங்கள் எடுத்தது. சாட்சியம் சொன்னவர் தண்டனையை உடனே அனுபவித்தார். கேட்டவர்கள் ஆறுதலாக முடிவெடுத்தார்கள்.

அமெரிக்காவும் அவரை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கவில்லை. 1967 இல் 'பட்டா பட்டா' பாட்டு அங்கு பெரும் வெற்றி பெற்றது. அடுத்த வருடமே, கறுப்பின விடுதலை இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஸ்டோக்லி கார்மைக்கலை அவர் திருமணம் செய்தார். அவ்வளவுதான். கச்சேரிகள் இரத்தாகின. ஒப்பந்தங்கள் முறிந்தன. இருவரும் கினியா நாட்டுக்குச் சென்று வாழ்ந்தார்கள். 1985 இல் மகள் பொங்கியையும் அவர் இழந்தார். அந்தப் பிள்ளைக்கு அப்போது முப்பத்தைந்து வயது கூட நிறைவாகவில்லை.

1990 இல் நெல்சன் மண்டேலா விடுதலையான பின்னர், அதே வருடம் ஜூன் மாதத்தில் மிரியம் நாடு திரும்பினார். தாயைப் புதைத்த மண்ணில் கால் வைக்க 30 வருடங்கள் காத்திருந்தார். பின்னர் ஆதரவற்ற சிறுமிகளுக்காக ஒரு நிலையத்தை உருவாக்கினார். 2008 நவம்பரில் இத்தாலியில், மாபியாக் கும்பலை எதிர்த்து எழுதிய ஓர் எழுத்தாளருக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சியில் பாடிவிட்டு இறங்கியபோது மயங்கி விழுந்து இறந்தார். வயது 76.

அதே நாட்டில், பிறகு

ஒரு காலத்தில் தொலைக்காட்சியே வேண்டாம் என்ற அந்த நாட்டில், 1996 ஏப்ரலில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் பகிரங்க அமர்வுகள் தொடங்கின. மக்கள் அவற்றை வானொலியில் கேட்டார்கள், தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வாக்குமூலம் தந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் ஒரு விடயம் விரைவில் தெரிய வந்தது. பெண்கள் தமது கணவன், மகன், தம்பிக்கு நடந்தவற்றையே சொன்னார்கள். தமக்கு நடந்ததைச் சொல்லவில்லை. கமராவும் சபையும் நிறைந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வது? பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டிய பின்னரே பெண்களுக்கென விசேட அமர்வுகள் நடத்தப்பட்டன.

அதற்குப் பிறகும் நட்டஈடு இலகுவாக வரவில்லை. ஆணைக்குழு சிபார்சு செய்ததை விடக் குறைத்து, ஒரே தடவையாக 30,000 ராண்ட் தருவதாக 2003 இல் அரசாங்கம் அறிவித்தது. பேசினால் மனப்பாரம் குறையும் என்று சொல்கிறோம். சிலருக்குக் குறைகிறது என்பதை என் வேலையில் கண்டிருக்கிறேன். ஆனால் யாரிடம், எந்த இடத்தில், யாருடைய தேவைக்காகப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

நாம் கேட்க வேண்டியவை

மிரியம் மகேபாவுக்கு ஒரு திறமை இருந்தது. பெலபொன்டே போன்ற ஆதரவாளர் இருந்தார். அவருக்கே இவ்வளவு விலை என்றால், ஒழுகும் கூரையின் கீழ் இருக்கும் ஒரு தாய் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! எனவே கமராவுடன் எவர் வந்தாலும், அவர் தொலைக்காட்சிக்காரராக இருந்தாலும் யூரியூப்காரராக இருந்தாலும் எங்களைப் போன்ற நிறுவனப் பணியாளராக இருந்தாலும், சில கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு:

நீங்கள் யார்? உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தை எழுதித் தருவீர்களா?

இதை எங்கே போடுவீர்கள்? எவ்வளவு காலம் இருக்கும்? நான் கேட்டால் எடுத்துவிடுவீர்களா?

என் முகத்தையும் பெயரையும் ஊரையும் மறைப்பீர்களா? பிள்ளைகளைக் காட்டாமல் எடுப்பீர்களா?

வெளியிட முன்னர் எனக்குக் காட்டுவீர்களா?

என் பெயரில் காசு சேர்த்தால், எவ்வளவு வந்தது என்ற கணக்கை எனக்குத் தருவீர்களா?

அழச் சொன்னால் அழ வேண்டியதில்லை. சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. இடையில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த நாள் காலையில் அந்த அக்காவுக்குத் தொலைபேசியில் இவற்றைச் சொன்னேன். முடிவை அவரிடமே விட்டேன். அவர் ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். வந்தவர்கள், முகம் தெரியாவிட்டால் எவரும் காசு அனுப்பமாட்டார்கள், பிள்ளைகளும் நின்றால்தான் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். இளையவளைக் கமராவுக்கு முன்னால் விட அவர் உடன்படவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

போன கிழமை அவரைக் கண்டேன். என் மனதில் ஒரு குற்ற உணர்வு இருந்தது. "அக்கா, நான் சொன்னதாலதானே கூரை கிடைக்காமல் போச்சு?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நீர் கேள்வியைத்தான் சொன்னனீர். மாட்டன் எண்டது நான்" என்றார். பிறகு, "ஆனா உண்மையாச் சொல்லுறன், முந்தநாள் மழைக்கு ஒருக்கா யோசிச்சனான்தான்" என்றார்.

எங்கள் குழு அவருக்காகப் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. குழுவில் உள்ள ஆறு பெண்கள் தமது சீட்டுக் காசில் ஒரு பகுதியைத் தகரத்துக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பாதிக் கூரையாவது மாற்றிவிடலாம் என்று நம்புகிறோம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.